பந்தாட்டச் சங்கங்களின் சரித்திரம்: ஐவர் வந்த வழி

சென்ற இதழில் 1911ஆம் வருஷத்து மோகன் பகான் வெற்றியைச் சொல்லி நிறுத்தியிருந்தோம். வெறுங்காலோடு ஆடிய பத்துப் பேரும் பூட்ஸ் அணிந்த ஒருவரும் சேர்ந்து, ஜூலை 29ஆம் தேதி மாலையில், கிழக்கு யார்க்ஷயர் பட்டாளத்தாரை இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் வென்று ஐ.எஃப்.ஏ. ஷீல்டைக் கைப்பற்றியபோது, கல்கத்தா நகரத்துப் பந்தாட்டம் துரைமார்களின் பொழுதுபோக்கு என்ற நிலையிலிருந்து நம்மவருடைய மானத்தைச் சேர்ந்த விஷயமாக உயர்ந்துவிட்டது. ஆயினும் அந்த மானத்தில் தமக்கும் சமபங்கு உண்டு என்று நம்பியிருந்த ஒரு சாரார், ஒன்பது வருஷங்களுக்குள், தம்மைப் போன்ற வங்காளிகளுக்கு எதிராகவே தனிச் சங்கம் அமைத்துக்கொள்ள நேர்ந்தது. ஈஸ்ட் பெங்கால் என்னும் அந்தச் சங்கத்தின் வரலாறே இந்த வாரத்து விஷயம்.

பத்மா நதிக்கு அப்பாலுள்ள டாக்கா, மைமன்சிங், பரிசால் முதலிய ஜில்லாக்களிலிருந்து படிப்புக்காகவும் உத்தியோகத்துக்காகவும் கல்கத்தாவுக்கு வந்து குடியேறியவர்களை, அந்நகரத்தின் பூர்வகுடிகள் 'பாங்கால்' என்று அழைத்து, அவர்களுடைய பேச்சின் இழுப்பையும் சாப்பாட்டின் காரத்தையும் பரிகசித்து வந்தார்கள். பணமும் படிப்பும் இருந்தும் சபையில் ஒரு படி கீழே நிற்கவேண்டியிருந்த அந்த மனத்தாபம் வெளியே வருவதற்கு ஒரு சந்தர்ப்பத்தை எதிர்பார்த்துக் காத்திருந்தது என்றே சொல்லவேண்டும். 1920ஆம் வருஷம் ஜூலை 28ஆம் தேதி, கூச்பிகார் கோப்பைப் போட்டியில் ஜோராபகான் சங்கம் மோகன் பகானை எதிர்த்து ஆட இருந்தபோது, சைலேஷ் போஸ் என்ற கீழ்வங்கத்து ஆட்டக்காரரைக் காரணம் சொல்லாமலே அணியிலிருந்து நீக்கிவிட்டார்கள். சங்கத்தின் உபதலைவராக இருந்த சுரேஷ் சந்திர சௌத்ரி அவரைச் சேர்க்கும்படி கேட்டும் பயனில்லை. சௌத்ரி ராஜினாமா செய்துவிட்டு வெளியேறினார். ராஜா மன்மத நாத சௌத்ரி, ரமேஷ் சந்திர சேன், அரவிந்த கோஷ் (பாண்டிச்சேரியில் யோகத்தில் அமர்ந்திருந்த மகான் வேறு, இவர் வேறு) ஆகியோரைத் துணைக்கு அழைத்துக்கொண்டார். ஆகஸ்டு முதல் தேதியன்று புதிய சங்கம் பிறந்தது. நடுவில் கழிந்தவை நான்கே நாட்கள்.

புதிய சங்கத்துக்கு முதல் தலைவராக அமர்ந்தவர் சாரதாரஞ்சன் ராய். மைமன்சிங் ஜில்லாவைச் சேர்ந்த இவர் கணிதமும் சமஸ்கிருதமும் கற்ற கல்லூரி ஆசிரியர். வங்காளத்தில் கிரிக்கெட்டைப் பரப்பிய முன்னோடிகளில் ஒருவர். பிற்காலத்தில் சினிமாக் கலையில் உலகப் புகழ் பெற்ற சத்யஜித் ராயின் பாட்டனாருக்கு மூத்த சகோதரர். சிவப்பும் பொன்னிறமும் சங்கத்தின் வர்ணங்களாயின.

1924ஆம் வருஷத்தில் கல்கத்தா லீகின் இரண்டாம் டிவிஷனில் சிறப்பாக ஆடி முதல் டிவிஷனுக்கு உயரும் தகுதி பெற்றபோது அவர்களுக்கு ஒரு விநோதமான தடை குறுக்கிட்டது. இந்தியச் சங்கங்கள் இரண்டுக்கு மேல் முதல் டிவிஷனில் ஆடக்கூடாது என்று ஒரு விதி இருந்தது. மோகன் பகானும் ஆரியன்ஸும் அந்த இரண்டு இடங்களையும் ஏற்கனவே நிரப்பியிருந்தன. சொந்த நாட்டின் மைதானத்தில் சொந்த நாட்டாருக்கு இத்தனை பேர்தான் என்று அளவு வைத்த அந்த விதி மிகவும் அநீதியானது என்பதில் எனக்குச் சற்றும் சந்தேகமில்லை. போராடியே அந்த விதியை நீக்க வேண்டியிருந்தது. நீங்கிய பிறகு, கல்கத்தாவில் அதன்பின் எழுந்த இந்தியச் சங்கங்கள் எல்லாவற்றுக்குமே வழி திறந்தது. 1925ஆம் வருஷம் மே 28ஆம் தேதி, லீகில் முதன்முறையாக மோகன் பகானைச் சந்தித்த ஈஸ்ட் பெங்கால், நேபாள் சக்ரவர்த்தி போட்ட ஒரே கோலினால் வெற்றி கண்டது. அன்று தொடங்கிய அந்தப் பந்தயத்தின் உக்கிரம் இன்றும் தணியவில்லை. ஈஸ்ட் பெங்கால் ஜெயித்தால் அபிமானிகள் வீட்டில் இலிஷ் மீனும், மோகன் பகான் ஜெயித்தால் மற்ற வீடுகளில் இறாலும் சமைப்பது கல்கத்தாவின் வழக்கமாகிவிட்டது.

1942இல் முதல் லீக் வெற்றி, 1943இல் முதல் ஷீல்டு, 1945இல் இரண்டும் சேர்ந்து என்று சங்கம் வளர்ந்துவந்த காலத்தில்தான் தேசம் இரண்டாகப் பிரிந்தது. 1947ஆம் வருஷம் ஆகஸ்டு மாதத்தோடு சங்கத்தின் பெயரிலிருந்த நிலப்பகுதி அந்நிய தேசமாயிற்று. அதற்கு முன்னும் பின்னும் நடந்த கலவரங்களில் வீட்டையும் வயலையும், சிலர் மனைவி மக்களையும் இழந்து, சியால்தா ரயில்வே ஸ்டேஷனின் பிளாட்பாரங்களில் வந்து விழுந்த ஜனங்கள், ஜாதவபூர், பிஜய்கட் முதலிய இடங்களில் காலியாகக் கிடந்த நிலங்களில் மூங்கிலும் தகரமும் கொண்டு குடிசை போட்டுக்கொண்டு வாழத் தொடங்கினார்கள். ஊரின் பெயரை உரக்கச் சொல்லி ஆனந்தப்படுவதற்கு அவர்களுக்கு மிஞ்சியிருந்த இடம் கல்கத்தா மைதானம் ஒன்றுதான். இருபத்தேழு வருஷங்களுக்கு முன் ஒரு சிலருடைய மனத்தாபத்தால் பிறந்த சங்கம், லக்ஷக்கணக்கான அகதிகளின் தாயகமாக மாறிவிட்டது.

இந்த விதமான மாற்றம் நம் தேசத்துக்கு மட்டும் உரியதன்று. போலந்து தேசத்தின் கீழ்ப்பகுதியில் இருந்த ல்வூவ் நகரத்தின் போகோன் சங்கம் 1922, 1923, 1925, 1926 ஆகிய நான்கு வருஷங்களிலும் அந்தத் தேசத்தின் சாம்பியனாக விளங்கிய புகழ் வாய்ந்தது. இரண்டாம் உலக யுத்தத்தின் முடிவில் அந்நகரம் சோவியத் நாட்டுக்குப் போய்விட, அங்கிருந்த போலந்து மக்கள் மூட்டை முடிச்சுகளோடு மேற்கே அனுப்பப்பட்டார்கள். அவர்களில் பலர் குடியேறிய பிதோம் என்னும் சுரங்க நகரத்தில் 1920ஆம் வருஷத்திலேயே தோன்றி இடையில் நின்றுபோயிருந்த போலோனியா என்ற சங்கம் மீண்டும் எழுந்தது. போகோனின் பழைய ஆட்டக்காரர்களும் நிர்வாகிகளும் அதில் புகுந்து அதற்கு உயிர் கொடுத்தார்கள். 1954இலும் 1962இலும் அது தேசத்தின் சாம்பியன் ஆயிற்று. ஈஸ்ட் பெங்காலும் பிதோம் போலோனியாவும் பிறந்தது ஒரே வருஷத்தில், ஊர் இழந்தவர்களுக்கு ஊராக நின்றதும் ஏறக்குறைய ஒரே காலத்தில் என்பதை நினைக்கும்போது மனம் நெகிழ்கிறது. ஆனால் இரண்டுக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. பிதோமில் இழந்த ஊரின் பெருமையை அந்த ஊர்க்காரர்களே தங்கள் கால்களில் சுமந்து வந்தார்கள். கல்கத்தாவிலோ அதைச் சுமந்தவர்கள் பத்மா நதியைக் கண்ணால் கண்டிராத தென்னாட்டார்.

ஈஸ்ட் பெங்கால் சங்கத்தின் காரியதரிசியாக இருந்த ஜோதிஷ் சந்திர குஹா, தாமே முன்பு அந்தச் சங்கத்துக்கு ஆடியவர். ஆட்டக்காரரின் தரத்தை ஒரே பார்வையில் எடைபோடும் திறமை வாய்ந்தவர். அவருடைய நாட்களில் ஐந்து முன்கள வீரர்கள் ஒரே வரிசையில் அமைந்தார்கள். வலது ஓரத்தில் வெங்கடேஷ், அவருக்கு உட்புறம் ஆந்திர தேசத்து அப்பா ராவ், நடுவில் தன்ராஜ், இடது உட்புறத்தில் அகமது கான், இடது ஓரத்தில் கேரளத்துக் கோட்டயத்துக்காரரான சாலே. வெங்கடேஷ், தன்ராஜ், அகமது கான் மூவரும் பெங்களூரிலிருந்து வந்தவர்கள். ஐவரில் ஒருவர்கூட வங்காளி இல்லை.

மாரண்டஹள்ளியில் இருந்துகொண்டு இதை எழுதும் எனக்கு இந்த இடத்தில் சற்று நின்று பேசவேண்டும் என்று தோன்றுகிறது. எங்கள் ஊர் வழியாகப் போகும் ரயில், ராயக்கோட்டையையும் ஓசூரையும் தாண்டிப் பெங்களூரைச் சேர்கிறது. மழை பொய்த்த வருஷங்களில் தர்மபுரி ஜில்லாவின் குடும்பங்கள் கட்டட வேலைக்கும் கூலி வேலைக்கும் நம்பிப் போகும் பட்டணம் அதுதான். இப்படித் தமிழர் பெங்களூருக்குப் போவது இன்று நேற்று வந்த வழக்கமும் அல்ல. 1809ஆம் வருஷத்தில் அங்கே இங்கிலீஷ்காரர் கண்டோன்மெண்டு அமைத்த நாள் முதலாக, சென்னை ராணுவத்தோடு சிப்பாய்களாகவும், சமையற்காரர்களாகவும், தோல் வேலை செய்பவர்களாகவும், வியாபாரிகளாகவும் தமிழர்கள் அங்கே குடியேறி, அலசூரையும் அதைச் சுற்றிய பேட்டைகளையும் நிரப்பினார்கள். தமிழும் உருதுவும் தெலுங்கும் கன்னடமும் ஒரே தெருவில் பேசப்படும் அந்தக் கண்டோன்மெண்டில், பட்டாளத்துக்காரர் ஆடுவதை வேலி ஓரத்தில் நின்று பார்த்துக் கற்ற பையன்கள், பூட்ஸ் வாங்க வழியில்லாமல் வெறுங்காலோடு ஆடி, அந்த வெறுங்காலையே ஒரு வித்தையாக்கிக்கொண்டார்கள். அலசூரைச் சேர்ந்த கௌதமபுரத்தில் இன்றும் பந்தாட்டம் குல தெய்வத்துக்கு அடுத்தபடியாகப் போற்றப்படுகிறது. பெலேக்கு அங்கே சிலையே வைத்திருக்கிறார்கள்.

1948ஆம் வருஷம் ஜூலை 31 அன்று லண்டன் ஒலிம்பிக்ஸில், சுதந்தர இந்தியாவின் அணி பிரான்ஸை எதிர்த்து இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் தோற்றபோது, நம் தேசத்துக்கு ஒலிம்பிக்ஸில் முதல் கோலைத் தந்தவர் பெங்களூரின் சாரங்கபாணி ராமன். நமக்குக் கிடைத்த இரண்டு பெனால்டிகள் வீணாகாமல் இருந்திருந்தால் அன்றைய சரித்திரமே வேறு. அதே அணியில் ஆடிய அகமது கான், மறு வருஷம் ஈஸ்ட் பெங்காலில் சேர்ந்தார். அவரோடு ஐவரின் வரிசை நிறைவு பெற்றது.

அதன் பிறகு வந்த வருஷங்களைப் பற்றி நிதானமாகச் சொல்லவே விருப்பம். 1949இல் கல்கத்தா லீக், ஐ.எஃப்.ஏ. ஷீல்டு, பம்பாயின் ரோவர்ஸ் கோப்பை ஆகிய மூன்றையும் ஒரே வருஷத்தில் வென்றார்கள். ஷீல்டை 1950, 1951 இரண்டிலும் விடவில்லை. 1951இலும் 1952இலும் டெல்லியில் டூரண்ட் கோப்பை. 1953இல் ருமேனியாவுக்கும் சோவியத் நாட்டுக்கும் சென்று, மாஸ்கோவின் டார்ப்பிடோ சங்கத்தோடு மூன்றுக்கு மூன்று என்று சமமாக ஆடித் திரும்பினார்கள். வெங்கடேஷ் ஓரத்தில் எடுக்கும் வேகமும், அப்பா ராவ் பந்தைப் பிரித்துக் கொடுக்கும் நிதானமும், தன்ராஜ் கோல் வாசலில் காட்டிய துணிவும் தனித்தனியே புகழப்பட்டவை. எல்லாவற்றுக்கும் மேலாக அகமது கான், பந்து காலை விட்டு அகலாமலே இரண்டு மூன்று பேரைக் கடந்து போவதைக் கண்டு, பாம்பாட்டி என்றே அவருக்குப் பெயரிட்டார்கள். 1952இல் ஹெல்சிங்கியின் குளிரில் யுகோஸ்லாவியாவிடம் பத்துக்கு ஒன்று என்று இந்தியா தோற்ற ஆட்டத்திலும், அந்த ஒன்றைப் போட்டவர் அகமது கான்தான். வெறுங்கால் ஆட்டத்தின் காலம் முடிந்துவிட்டது என்பதை உணர்த்திய அந்தத் தோல்விக்குப் பின் பூட்ஸ் கட்டாயமாயிற்று. அவர் பூட்ஸ் அணிந்தும் 1950களின் இறுதிவரை ஆடினார்.

இந்த ஐவருக்கும் கல்கத்தா ஜனங்கள் வைத்த பெயர் பஞ்ச பாண்டவர் என்பது. இதைப் படிக்கும் நேயர்கள் ஒரு கணம் அந்தக் காலத்தை மனத்தில் வைத்துப் பார்க்கவேண்டும். 1946இல் நவகாளியிலும் கல்கத்தாவிலும் ஓடிய ரத்தம் உலரவில்லை. 1950இல் மறுபடியும் கலவரம் மூண்டு, அகதிகள் கூட்டம் கூட்டமாக எல்லையைத் தாண்டி வந்துகொண்டிருந்தார்கள். அப்படி வந்தவர்கள்தாம் மாலையில் மைதானத்தின் மூங்கில் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்று, பாண்டவர் ஐவரில் அகமது கானையும் சாலேயையும் சேர்த்து வாழ்த்தினார்கள். மதத்தின் பெயரால் வீட்டை இழந்தவர்கள், தாங்கள் இழந்த வீட்டின் பெயரை இரண்டு முஸ்லிம் இளைஞர்களிடம் நம்பி ஒப்படைத்தார்கள். அவர்களும் அந்த நம்பிக்கைக்குக் குறைவில்லாமல் ஆடினார்கள். பிரிவினைக் காலத்தைப் பற்றி எழுதப்பட்ட சரித்திரங்களில் இதற்கு ஒரு பக்கமாவது இடம் தந்திருக்கவேண்டும் என்பது என் திடமான எண்ணம்.

பாண்டவர்களுக்குப் பிறகும் தெற்கிலிருந்து சென்ற வழி அடைபட்டுவிடவில்லை. செகந்திராபாத்தில் தமிழ்ப் பெற்றோருக்கு 1936இல் பிறந்த துளசிதாஸ் பலராம், 1957இல் ஈஸ்ட் பெங்காலில் சேர்ந்தார். 1960இல் ரோம் ஒலிம்பிக்ஸில் ஹங்கேரிக்கு எதிராகக் கோல் போட்டார். 1961இல் சங்கத்தின் காப்டனாக இருந்து லீகை வென்று தந்தார். 1962இல் ஜகார்த்தாவில் ஆசிய விளையாட்டுத் தங்கம் பெற்ற அணியிலும் இருந்தார். மறு வருஷமே நுரையீரல் நோயால் ஆட்டத்தை விடவேண்டி வந்தது. அதே ரோமில் பெரு தேசத்துக்கு எதிராக ஒரு கோல் போட்டதாகச் சொல்லப்படும் சைமன் சுந்தரராஜ் தஞ்சாவூரில் பிறந்தவர். அதற்குப் பின் இந்தியா ஒலிம்பிக்ஸ் பந்தாட்டத்தில் கலந்துகொள்ளாமலே இருந்துவிட்டபடியால், நம் தேசத்தின் முதல் ஒலிம்பிக்ஸ் கோல் சாரங்கபாணி ராமனுடையதும் கடைசிக் கோல் சுந்தரராஜுடையதுமாகச் சொல்லப்படுகின்றன. பலராம் கல்கத்தாவை விட்டு வரவில்லை. ஹூக்ளி நதிக்கரையில் உத்தர்பாராவில் வாழ்ந்து 2023இல் காலமானார். அகமது கான் பெங்களூருக்குத் திரும்பி 2017இல் அங்கே மறைந்தார்.

பிற்காலத்து வெற்றிகளைச் சுருக்கமாகவே சொல்லலாம். 1970 முதல் 1975 வரை தொடர்ந்து ஆறு லீக் வெற்றிகள். 1975 ஷீல்டு இறுதியில் மோகன் பகானை ஐந்துக்குப் பூஜ்யம் என்று தோற்கடித்தது. 1997இல் சால்ட் லேக் மைதானத்தில் ஒரு லக்ஷத்துக்கும் அதிகமான ஜனங்களின் எதிரில் பைச்சுங் பூட்டியா மூன்று கோல் போட்டது. 2003இல் ஜகார்த்தாவில் ஆசியான் கோப்பை. இடையில், 1998இல், பெங்களூரைச் சேர்ந்த ஒரு மதுபான நிறுவனம் சங்கத்தின் பந்தாட்டப் பிரிவில் பங்குகொண்டு தன் பெயரையும் அதன் முன்னே சேர்த்துக்கொண்டது. பின்னர் முதலாளிகள் மாறினார்கள். அங்கத்தினர்கள் தேர்ந்தெடுக்கும் நிர்வாகத்துக்கும் பணம் போடும் கம்பெனிக்கும் இடையே தகராறுகளும் வந்தன. 2020இல் இந்தியன் சூப்பர் லீகில் சேர்ந்த சங்கம், 2024ஆம் வருஷம் ஜனவரியில் ஒடிஷாவை மூன்றுக்கு இரண்டு என்று வென்று சூப்பர் கோப்பையைப் பெற்றது.

பெங்களூர்க்காரர்கள் வடக்கே போய்ப் பிறர் சங்கங்களுக்கு ஆடியதை இவ்வளவு சொன்ன பிறகு, அவர்கள் தங்கள் சொந்தச் சங்கத்துக்கு ஆடியதைச் சொல்லாமல் விடுவது முறையாகாது. 1934 முதல் 1938 வரை கல்கத்தா லீகைத் தொடர்ந்து ஐந்து முறை வென்ற முகம்மதன் ஸ்போர்ட்டிங்கை, 1937ஆம் வருஷம் ரோவர்ஸ் கோப்பையின் இறுதியில் ஒரே கோலால் வீழ்த்தி, அந்தக் கோப்பையை முதன்முதலாக இந்தியர் கைக்குக் கொண்டுவந்த பெங்களூர் முஸ்லிம்ஸ் சங்கத்தின் வரலாறு அடுத்த இதழில் வரும்.