ஓலை காக்காத பண்

வகுப்பிலே பத்துக் குறளை ஒப்புவிக்கச் சொல்லிவிட்டு நாம் கைகட்டி நிற்கிறோம். ஏழாவது குறளில் பையன் தடுமாறுகிறான், கூரையைப் பார்க்கிறான், பக்கத்திலிருப்பவன் உதட்டைப் பார்க்கிறான். அடித்தென்ன பயன், அதட்டியென்ன பயன்? அத்தகைய வேளைகளில் நமது எண்ணம், பத்தல்ல, நூறல்ல, ஆயிரக்கணக்கான பாடல்களைப் பண்ணோடு நெஞ்சிலே தாங்கி வாழ்ந்த ஒரு கூட்டத்தாரிடம் ஓடிவிடுகிறது. அரண்மனை கட்டியவனை வரலாறு அறியும். ஆறு கடந்து போர் தொடுத்தவனை அறியும். தொண்டைக்குள் ஒரு நாட்டின் இசையையே காத்தவர்களை அது அறிந்திருக்கிறதா?

தேவாரத்தை எடுத்துக்கொள்வோம். சமயநூல் என்று ஒதுக்கிவிட வேண்டாம். தமிழிசையின் பழம்பெரும் கருவூலம் அது. ஏழாம், எட்டாம் நூற்றாண்டுகளில் மூவர் பாடியவற்றுள் இன்று கிடைப்பவை ஏறத்தாழ 800 பதிகங்கள். பாடல்கள் எண்ணாயிரத்துக்கும் மேல். பண்களோ இருபதுக்கும் மேற்பட்டவை. மூன்று நாளைக்கு ஒரு பதிகம் வீதம் ஒருவன் மனப்பாடம் செய்வதாக வைத்துக்கொள்ளுங்கள். 2,400 நாட்கள்! ஆறரை ஆண்டு! கற்றதை மறவாமலிருக்க நாள்தோறும் பழையதைத் திருப்பிப் பாடும் நேரத்தை இதில் நாம் சேர்க்கவில்லை.

இதை எப்படிச் சாதித்தார்கள்? தெய்வ அருள் என்பர் சிலர். பாடலின் கட்டமைப்பை உற்று நோக்கினால் வேறு விடை கிடைக்கிறது. ஒரு பதிகத்தின் பத்து, பதினொரு பாடல்களும் ஒரே கட்டளையில், ஒரே நடையில் அமைந்தவை. முதற்பாட்டின் இசை பிடிபட்டுவிட்டால் எஞ்சியவை அதே தடத்தில் வந்து சேரும். சம்பந்தர் பதிகங்கள் பெரும்பாலானவற்றில் எட்டாம் பாட்டில் இராவணன் வருவான், ஒன்பதில் அயனும் மாலும், பத்தில் சமணரும் சாக்கியரும், இறுதியில் பாடியவர் பெயர். (எட்டாம் பாட்டில் மலையடியில் நசுங்கும் அந்த இலங்கை வேந்தனிடம் நமக்குப் பரிவு உண்டு; அது வேறு வழக்கு.) நினைவுக்கு நட்டுவைத்த மைல்கற்கள் இவை! வழி தவறியவன் மைல்கல்லைப் பார்த்துத் திரும்பலாம். ஆசான் ஓரடி பாட, மாணவன் அதைப் பாட, பிழை நேர்ந்தால் மீண்டும் அதே அடி. ஆண்டுக்கணக்கில் நடந்த உழைப்பு இது. அருளன்று, அயராமை.

இந்த உழைப்புக்குக் கூலி என்ன என்பதைத் தஞ்சைக் கல்வெட்டு கூறுகிறது. இராசராசன் தன் 29ஆம் ஆட்சியாண்டுவரை, அதாவது 1014ஆம் ஆண்டளவு வரை, அளித்த கொடைகளைச் சொல்லும் பகுதியில், திருப்பதியம் பாட 48 பேர், உடுக்கை வாசிக்க ஒருவர், கொட்டிமத்தளம் முழக்க ஒருவர், ஆக ஐம்பதின்மர்க்கு நாளொன்றுக்கு ஆளுக்கு முக்குறுணி நெல் என்று வெட்டப்பட்டிருக்கிறது. அதன்பின் வரும் நிபந்தனைதான் நம்மை நிறுத்திவைத்தது. ஒருவர் இறந்தாலோ ஊரைவிட்டுப் போனாலோ, அவருடைய நெருங்கிய உறவினர் அந்த நெல்லைப் பெற்றுப் பாடலாம். ஆனால் உறவினர் தகுதியற்றவராயின் தகுதியுடைய வேறொருவரைக் கொண்டு பாடுவிக்க வேண்டும்! பிறப்பால் வந்த உரிமை நெல்லுக்குத்தான். பாட்டுக்கு அது போதவில்லை. எண்ணாயிரம் பாடலை அப்பன் கற்றால் மகன் கற்றதாகிவிடாது என்பதை அந்த அரசு அறிந்திருந்தது. மற்றத் துறைகளில் இந்த அறிவு எங்கே போயிற்று என்று கேட்கத் தோன்றுகிறதல்லவா?

விழுப்புரத்தை அடுத்த திருவாமாத்தூரில் இன்னொரு சோழர்காலக் கல்வெட்டு உண்டு. அங்கே திருப்பதியம் பாட நியமிக்கப்பட்டவர்கள் கண்ணில்லாதோர் பதினாறு பேர். அவர்களைக் கைப்பிடித்து அழைத்துச்செல்ல இருவர். எண்ணிப் பாருங்கள். ஏடு அவர்களுக்கு எதற்கு? விளக்கு எதற்கு? கேட்டது ஒன்றே கல்வி. காத்தது ஒன்றே செல்வம். ஓலைச்சுவடியைத் தடவிப் பார்த்தாலும் ஒன்றும் புலப்படாத அந்தப் பதினாறு பேர், பார்வையுடைய ஊருக்கே பாடிக்காட்டி உண்டிருக்கிறார்கள்.

பண்ணை ஏன் எழுதிவைக்கவில்லை என்று கேட்கலாம். எழுத இயலாதென்பது பொய். புதுக்கோட்டைப் பக்கம் குடுமியான்மலையில், ஏழாம் நூற்றாண்டிலேயே சுரவரிசைகளைப் பாறையில் வரிவரியாக வெட்டியிருக்கிறார்கள், மாணாக்கர் நலனுக்கென்று! இத்தாலியில் அரெசோ நகரத்துக் கைடோ என்னும் துறவி, ஏறத்தாழ 1026இல், கோடுகளின்மீது சுரங்களைக் குறிக்கும் முறையைப் பரப்பிக்கொண்டிருந்தார். பத்தாண்டு பாடுபட்டும் அரைகுறையாக நின்ற மடத்துப் பாடகர்கள் ஓரிரண்டு ஆண்டில் தேறுவர் என்றார். உடனிருந்த துறவிகள் பொறாமையால் புகைந்தனர். அவரோ மடத்தைவிட்டு வெளியேறி வேலையைத் தொடர்ந்தார். தஞ்சைக் கல்வெட்டுக்கும் இதற்கும் இடைவெளி பன்னிரண்டு ஆண்டுகளே! அங்கே நினைவின் சுமையை ஏடு பகிர்ந்துகொண்டது. இங்கே சொல்லை மட்டும் ஏட்டில் வைத்துவிட்டு, பண்ணை மனிதர் தலையில் ஏற்றினோம்.

அதன் விளைவையும் மறைக்காமல் சொல்லவேண்டும். 1943இல் தோன்றிய தமிழிசைச் சங்கம் 1949 முதல் பண்ணாராய்ச்சி நடத்திற்று. ஓதுவார்கள் பாடக் கேட்டு, எந்தப் பண் எந்த இராகம் என்று அறிஞர்கள் ஆய்ந்தனர். செவ்வழி யதுகுலகாம்போதியாகவும், பழம்பஞ்சுரம் சங்கராபரணமாகவும் ஒலித்தன. ஆனால் தக்கராகம், தக்கேசி ஆகிய இரண்டும் காம்போதியாகவே பாடப்படுகின்றன. பெயர் இரண்டு, இசை ஒன்று! முன்னோர் காரணமின்றி இரு பெயர் வைத்திருக்கமாட்டார்கள். இடையில் எங்கோ, எவரோ ஒருவரின் நெஞ்சோடு ஒரு வேறுபாடு மண்ணுக்குள் போயிருக்கிறது என்றே நாம் கருதுகிறோம். ஓதுவாரைக் குறைகூற நமக்கு மனம் வரவில்லை. மிஞ்சியதனைத்தும் அவர்கள் தந்தது.

திருமுறை கண்ட கதையைப் பலரும் அறிவர். இராசராசன் வேண்ட, நம்பியாண்டார் நம்பி வழிகாட்ட, தில்லையில் பூட்டிய அறையில் புற்று மூடிக் கிடந்த ஏடுகள் வெளிவந்தன என்பது கதை. அவனுக்கு முன்பே, பல்லவர் காலத்திலேயே, திருவல்லத்துக் கல்வெட்டு திருப்பதியம் பாடுவோரைக் குறிப்பதால், கதையை அப்படியே ஏற்பதற்கில்லை. ஆனால் கதை தன்னையறியாமல் ஓர் உண்மையை ஒப்புக்கொள்கிறது. செல்லரித்த ஏட்டில் சொல் இருந்தது, பண் இல்லை. அரசனும் அறிஞரும் கைபிசைந்து நின்று, பின்பு எருக்கத்தம்புலியூருக்குச் சென்று, திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த பாணர்குலப் பெண்ணொருத்தியைத் தேடிப் பிடித்து, அவளைக்கொண்டு பண் வகுத்தார்களாம். ஏட்டைப் பூட்டிவைத்த கூட்டத்தார் எவரிடமும் இல்லாத இசை, தாழ்ந்தகுலம் என்று ஒதுக்கப்பட்ட ஒருத்தியின் தொண்டையில் இருந்திருக்கிறது!

கதையில் மன்னனுக்குப் பெயர் உண்டு. நம்பிக்குப் பெயர் உண்டு. அவளுடைய பாட்டனாருக்கும் அவர் மனைவி மதங்கசூளாமணிக்கும்கூடப் பழநூல்களில் பெயர் உண்டு. அந்தப் பெண்ணின் பெயரை மட்டும் எவரும் எழுதிவைக்கவில்லை.