ஜெட் ஸ்கீ எஞ்சின்கள் ஏன் எரிந்தன? ஒரு சாம்பல் நிறக் குழாயின் கதை

ஜெட் ஸ்கீ என்பது உண்மையில் கவாசாகி நிறுவனத்தின் வணிகப்பெயர். நகலெடுப்பதை எல்லாம் நாம் ஜெராக்ஸ் என்று சொல்வது போல, தண்ணீரில் பைக் மாதிரி சீறிப் பாயும் எல்லா வண்டிகளுக்கும் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. இந்த வண்டிகளின் வேகத்தைப் பற்றியும் பந்தயங்களைப் பற்றியும் நிறையவே எழுதியிருக்கிறார்கள். ஆனால் இவற்றின் எஞ்சின்கள் எப்படிக் கெட்டன, கெட்டதற்கான காரணத்தை மெக்கானிக்குகள் எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பது தனி வரலாறு. அதில் பணம், சட்டம், ஏரி நீர் எல்லாம் கலந்திருக்கிறது.

இந்த வண்டியை முதலில் கற்பனை செய்தவர் கிளேட்டன் ஜேக்கப்சன் என்ற அமெரிக்கர். வங்கியில் வேலை பார்த்துக்கொண்டே மோட்டோகிராஸ் பந்தயங்களில் ஓடியவர். தரையில் விழுந்தால் அடிபடுகிறது, தண்ணீரில் விழுந்தால் அடிபடாதே என்பதுதான் அவருடைய யோசனையின் தொடக்கம். கனடாவின் பம்பார்டியர் நிறுவனம் அவரோடு ஒப்பந்தம் போட்டு 1968ல் சீ-டூ என்ற வண்டியை இறக்கியது. பனிவண்டிகள் செய்து பழகிய கம்பெனி அல்லவா, காற்றினால் குளிரும் எஞ்சினையே இதிலும் பொருத்தினார்கள். மூடிய படகுக்குள் காற்று எங்கிருந்து வரும்? எஞ்சின் சூடேறியது, உப்புத் தண்ணீர் பாகங்களை அரித்தது. இரண்டு மூன்று வருடத்திலேயே தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள். பின்னர் ஜேக்கப்சன் கவாசாகியிடம் போனார். 1973ல் வந்த 400 சிசி ஜெட் ஸ்கீயில் ஏரித் தண்ணீரே எஞ்சினைச் சுற்றி ஓடிக் குளிர்வித்தது. இதற்கென்று தனி பம்பு கூடக் கிடையாது. வண்டியைத் தள்ளும் ஜெட் பம்பின் அழுத்தமே தண்ணீரை மேலே அனுப்பிவிடும்.

1987 வாக்கில் யமஹாவின் வேவ்ரன்னர் வந்தது. 1988ல் பம்பார்டியர் சீ-டூவோடு திரும்பி வந்தது. 1992ல் போலாரிஸ் நுழைந்தது. நின்றுகொண்டே ஓட்ட வேண்டிய வண்டி, குடும்பத்தோடு உட்கார்ந்து போகும் வண்டியாக மாறியதால் விற்பனை எகிறியது. பழுதுகளும் கூடவே எகிறின.

இங்கே கொஞ்சம் தொழில்நுட்பம் பார்த்துவிடுவோம். அன்றைய வண்டிகள் எல்லாமே டூ ஸ்ட்ரோக். பெட்ரோல் உள்ளே போகும்போது ஆவியாகி பிஸ்டனைக் குளிர்விக்கிறது. எண்ணெயைப் பெட்ரோலிலேயே கலந்து ஊற்றும் பழைய வண்டிகளில் உராய்வைக் குறைப்பதும் அதே பெட்ரோல்தான். ஆகவே பெட்ரோல் குறைந்தால் எரிபொருள் மட்டும் குறையவில்லை, குளிர்ச்சியும் எண்ணெயும் சேர்ந்து குறைகின்றன. இதில் வேடிக்கை என்னவென்றால், பெட்ரோல் லேசாகக் குறையும்போது எஞ்சின் சில நிமிடங்களுக்கு வழக்கத்தைவிட நன்றாக ஓடுவது போலத் தோன்றும். ஓட்டுபவர் சந்தோஷமாக முறுக்குவார். அப்புறம் ஒரே சத்தம், எஞ்சின் சீஸ்!

ஒரு பைக்கில் முழு வேகத்தில் போவது எப்போதாவதுதான். தண்ணீரில் அப்படி இல்லை. நீரின் எதிர்ப்பு விடாமல் இருந்துகொண்டே இருக்கும், முழு திராட்டிலில் நிமிடக்கணக்கில் ஓட்டுவார்கள். சாலையில் பல மாதம் தாக்குப்பிடிக்கும் ஒரு சின்னக் குறை, ஏரியில் ஒரு பிற்பகலில் பிஸ்டனை உருக்கிவிடும்.

எரிந்த பிஸ்டனை மெக்கானிக்குகள் ஒரு கடிதம் போலப் படிக்கக் கற்றுக்கொண்டார்கள். புகை வெளியேறும் பக்கம் மட்டும் கீறல் இருந்தால் பெரும்பாலும் பெட்ரோல் பற்றாக்குறை. நான்கு மூலையிலும் ஒரே மாதிரி கீறல் இருந்தால், குளிர்ந்த எஞ்சினை எடுத்ததும் முழு வேகத்தில் ஓட்டியதால் சிலிண்டரைவிட பிஸ்டன் சீக்கிரம் விரிந்துவிட்டது என்று அர்த்தம். தலையில் ஓட்டை விழுந்திருந்தால் எரிதல் நேரம் தவறியோ தானாகவோ நடந்திருக்கிறது. எஞ்சினைப் பிரிக்காமலே பார்க்கவும் வழி உண்டு. ஸ்பார்க் பிளக் வெள்ளையாக இருந்தால் பெட்ரோல் குறைவு, கருத்து நனைந்திருந்தால் அதிகம். அதில் அலுமினியப் பொடி ஒட்டியிருந்தால் பிஸ்டன் ஏற்கெனவே உருக ஆரம்பித்துவிட்டது! பிளக் துளையில் அழுத்தமானி வைத்துப் பார்ப்பது அடுத்தது. ஆரோக்கியமான சீ-டூ எஞ்சினில் 150 பிஎஸ்ஐ அளவில் காட்டும். இரண்டு சிலிண்டருக்கும் இடையே பத்து சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் விஷயம் இருக்கிறது.

ஆனால் அழுத்தமானி எது உடைந்தது என்றுதான் சொல்லும், ஏன் உடைந்தது என்று சொல்லாது. 1990களின் சீ-டூ வண்டிகள் இதை மிகக் கசப்பாகக் கற்றுக்கொடுத்தன.

அந்த வண்டிகளில் பெட்ரோல் குழாய்கள் சாம்பல் நிறத்தில் இருந்தன. மேலே டெம்போ என்று அச்சிட்டிருந்ததால் மெக்கானிக்குகள் டெம்போ குழாய் என்றே சொன்னார்கள். வெளியே பார்த்தால் ஒரு குறையும் தெரியாது. உள்ளுக்குள் குழாய் பல வருடம் பெட்ரோலில் ஊறிச் சிதைந்து, பச்சை நிறப் பிசினாக மாறியது. இந்தப் பிசின் நேராகப் போய்ச் சேரும் இடம் மிக்குனி கார்புரேட்டர். அலையில் தலைகீழாகக் கவிழும் வண்டி என்பதால் இதில் மிதவைக் கிண்ணம் கிடையாது. எஞ்சினின் துடிப்பால் அசையும் மெல்லிய சவ்வுகளே பெட்ரோலை இழுத்துக் கொடுக்கும். அதற்குள்ளே நகத்தளவு சல்லடை ஒன்று உண்டு. பிசின் அதை அடைக்கும். மெதுவாக ஓட்டும்போது தேவை குறைவு என்பதால் ஒன்றும் தெரியாது. முழு வேகத்தில்தான் பற்றாக்குறை வரும், அதுவும் பெரும்பாலும் ஒரே ஒரு சிலிண்டரில்.

பிறகு நடப்பது என்ன? உரிமையாளர் எரிந்த பிஸ்டனை மாற்றுவார். புது எஞ்சினே வாங்கிப் போடுபவர்களும் உண்டு. குழாயும் கார்புரேட்டரும் பழையபடியே இருக்கும். சில வாரத்தில் அதே சிலிண்டர் மறுபடி எரியும். பழி புது பிஸ்டன் மீதோ, எண்ணெய் மீதோ, மெக்கானிக் மீதோ விழும். கணக்குப் போட்டுப் பார்த்தால், சில மீட்டர் ரப்பர் குழாயும் ஒரு நாள் வேலையும்தான் செலவு. அதை மிச்சப்படுத்தப் போய் ஒரு எஞ்சினை இருமுறை வாங்கியவர்கள் இருக்கிறார்கள். சோக்கை இழுத்துப் பார்க்கும் எளிய சோதனை இந்தக் காலத்தில்தான் பரவலானது. ஓடும்போது சோக்கை லேசாக இழுத்தால் வேகம் கூடுகிறதா? அப்படியானால் எஞ்சின் பெட்ரோலுக்காகத் தவித்துக்கொண்டிருக்கிறது.

தண்ணீரும் கொன்றது. கவிழ்ந்த வண்டியைத் தவறான பக்கமாகத் திருப்பினால் புகைக்குழாயில் இருக்கும் தண்ணீர் எஞ்சினுக்குள் போகும். இதனால்தான் பின்பக்கம் எந்தத் திசையில் திருப்ப வேண்டும் என்று ஸ்டிக்கர் ஒட்டினார்கள். கரையில் கழுவும்போதும் ஒரு வரிசை உண்டு. எஞ்சினை முதலில் கிளப்பிப் பிறகு தண்ணீர்க் குழாயைத் திறக்க வேண்டும், முடிக்கும்போது தண்ணீரை முதலில் நிறுத்த வேண்டும். மாற்றிச் செய்து எஞ்சினை நாசமாக்கியவர்கள் ஏராளம்.

இதற்கிடையே சட்டம் வந்தது. டூ ஸ்ட்ரோக் எஞ்சின் தனக்குக் கொடுத்த பெட்ரோலில் கால்வாசி அளவை எரிக்காமலே தண்ணீரில் விட்டுவிடும். 1996ல் அமெரிக்க சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை படகு எஞ்சின்களுக்கான புகை விதியை வெளியிட்டது. கலிபோர்னியாவில் பெட்ரோலில் சேர்த்துவந்த எம்டிபிஇ என்ற ரசாயனம் டாஹோ ஏரியில் தென்பட, 1999 ஜூன் முதல் கார்புரேட்டர் வைத்த டூ ஸ்ட்ரோக் வண்டிகளுக்கு அங்கே தடை வந்தது. ஏரியில் அந்த ரசாயனத்தின் அளவும் குறைந்தது. கம்பெனிகள் நேரடி எரிபொருள் செலுத்தும் முறையை முயன்று பார்த்தன. 2002ல் யமஹா, சீ-டூ, ஹோண்டா மூன்றுமே ஃபோர் ஸ்ட்ரோக் வண்டிகளைக் கொண்டுவந்தன.

அத்துடன் நோய் தீரவில்லை, இடம் மாறியது. பச்சைப் பிசின் போனது, சூப்பர்சார்ஜர் வந்தது. 2003க்குப் பிறகு வந்த சீ-டூ சூப்பர்சார்ஜர்களில் பீங்கான் வளையங்கள் இருந்தன. அவை உடைந்தால் துணுக்குகள் எண்ணெய் ஓடும் வழியெல்லாம் பரவும். அதனால் 100 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை அதைப் பிரித்துப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. பின்னர் உலோக வளையங்களுக்கு மாறினார்கள். சென்சார் கோளாறுகளைக் கண்டுபிடிக்க லேப்டாப்பை இணைத்துக் குறியீடு படிக்கும் முறை வந்தது. ஆனால் கணினி சென்சார் சொல்வதைத்தான் சொல்லும், பீங்கான் துணுக்கைக் காண எண்ணெய் வடிகட்டியைக் கழற்றித்தான் பார்க்க வேண்டும்.

எம்டிபிஇ விலக்கப்பட்ட இடத்தில் எத்தனால் வந்தது. அது தண்ணீரை உறிஞ்சும். அளவு மீறினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பெட்ரோலிலிருந்து பிரிந்து டாங்கியின் அடியில் தங்கும், எஞ்சின் முதலில் குடிப்பதும் அதைத்தான். ஏரியைக் காப்பாற்றச் செய்த மாற்றம், குளிர்காலம் முழுவதும் கொட்டகையில் சும்மா நிற்கும் வண்டிகளுக்குப் புதுத் தலைவலியானது.

யமஹாவின் சூப்பர்ஜெட் 2021ல் ஃபோர் ஸ்ட்ரோக்குக்கு மாறியது. 1990களின் டூ ஸ்ட்ரோக் சீ-டூக்களைத் தேடி வாங்கிப் புதுப்பிப்பவர்கள் இன்றும் உண்டு. விவரம் தெரிந்தவர் வண்டியை விலை பேசும் முன் இருக்கையைத் தூக்கிவிட்டு முதலில் பார்ப்பது, குழாய் சாம்பல் நிறமா கறுப்பா என்பதைத்தான்.