சைக்கிள் சொல்லிக் கொடுத்த பாடம்



மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுன்னு எங்க குழு ஊக்குநர் அக்கா கேட்டாங்க. நான் பத்தாவது வரைக்கும் படிச்சவள். பெரிய வரலாறு எழுதத் தெரியாது. ஆனா நம்ம புதுக்கோட்டை மாவட்டத்துல நடந்த ஒரு வரலாறு எங்க வீட்டுத் திண்ணையிலேயே சாத்தி நின்னது. அது எங்க அம்மாவோட சைக்கிள். அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

1990-இல் கேரளாவில் எர்ணாகுளம் மாவட்டம் முழு எழுத்தறிவு பெற்ற மாவட்டம்னு அறிவிக்கப்பட்டது. அதைப் பார்த்து நாட்டின் பல மாவட்டங்களிலும் அறிவொளி இயக்கம் தொடங்கினார்கள். நம்ம மாவட்டத்தில் 1991-இல் தொடங்கியது. அப்போது கலெக்டராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். வீடு வீடாகக் கணக்கெடுத்தார்கள். வீதி நாடகம் போட்டார்கள், பாட்டுப் பாடினார்கள். படித்த இளைஞர்கள் சம்பளம் இல்லாமல் வந்து சொல்லிக் கொடுத்தார்கள். பகலில் வயல் வேலை, கல் உடைக்கிற வேலை பார்த்த பெண்கள் ராத்திரி சிலேட்டோடு உட்கார்ந்தார்கள். நடவுக்கும் களையெடுக்கவும் போய்க்கொண்டிருந்த எங்க அம்மாவும் அதில் ஒருவர்.

எழுத்து மட்டும் சொல்லிக் கொடுத்திருந்தால் அது நல்ல திட்டம், அவ்வளவுதான். ஆனால் அவர்கள் இன்னொரு விஷயத்தையும் யோசித்தார்கள். பஸ் நம்பர் படிக்கத் தெரிந்த பெண்ணுக்கு, பஸ் வராத ஊரில் அந்தப் படிப்பு எதற்கு ஆகும்? ஆஸ்பத்திரி, பேங்க், சந்தை எங்கே போகணும்னாலும் அப்பாவோ அண்ணனோ புருஷனோ கூட்டிப்போக வேண்டியிருந்தது. அவர்களுக்கு நேரம் இருந்தால்தான் நமக்கு வெளியூர். அதனால் எழுதப் படிக்கச் சொல்லிக் கொடுப்பதோடு சைக்கிளையும் சேர்த்தார்கள். எத்தனை பேருக்குக் கற்றுக்கொடுப்பது என்று ஒன்றியம் ஒன்றியமாக இலக்கு வைத்தார்கள். கற்றுக்கொண்ட பெண் சொந்தமாக சைக்கிள் வாங்க பேங்க் கடனுக்கும் ஏற்பாடு செய்தார்கள். கற்றுக்கொடுத்துவிட்டு, வாங்க வழி செய்யாமல் விடவில்லை பாருங்க, அதுதான் திட்டம்.

எங்க அம்மா தண்ணி வற்றிய கண்மாய்க்குள்ள வாடகை சைக்கிளில் பழகினாங்க. பார்த்தவங்க சும்மா இருக்கல. கிண்டலும் கேலியும், காது கூசுகிற பேச்சும் இருந்தது. ஆனா தனியாக ஒருத்தி ஓட்டினால்தானே கேலி? ஊரே ஓட்டினால் யாரை யார் கேலி பண்ணுவது? 1992 மகளிர் தினத்தை ஒட்டி 1,500-க்கும் மேற்பட்ட பெண்கள் புதுக்கோட்டையில் சைக்கிள் ஊர்வலம் போனார்கள். அதற்கப்புறம் கிண்டல் பண்ணினவங்களே வீட்டுப் பொம்பளைகளுக்குக் கற்றுக்கொடுத்ததாக அம்மா சொல்வாங்க. பலர் ஆம்பளை சைக்கிளே வாங்கினார்கள். முன்னால் பாரில் பிள்ளையை உட்கார வைக்கலாம், பின்னால் தண்ணிக் குடம் கட்டலாம். அந்தப் பாரில் துண்டைச் சுற்றி என்னை உட்கார வைத்துத்தான் அம்மா சந்தைக்குப் போவாங்க.

அதே காலத்தில் இன்னொன்றும் நடந்தது. காண்ட்ராக்டரிடம் அடிமை மாதிரி கல் உடைத்த பெண்களைக் குழுவாகச் சேர்த்து, கல்குவாரிக் குத்தகையை அவங்க பேரிலேயே கொடுத்தார்கள். இதைக் கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. கூலியை ரெண்டு ரூபாய் கூட்டிக் கொடுங்கன்னு கேட்கிறது ஒரு திட்டம். குவாரி யார் கையில் இருக்கிறது, ஏன் நம்ம கையில் இல்லைன்னு கேட்கிறது வேற திட்டம். முதலாவது கஷ்டத்தைக் குறைக்கும். இரண்டாவதுதான் நிலைமையை மாற்றும்.

மாற்றினது எல்லாம் நிலைத்து நிற்குமான்னும் பார்க்கணும். அதே அறிவொளி வகுப்பிலிருந்துதான் பக்கத்து ஆந்திராவில் நெல்லூர் மாவட்டப் பெண்கள் சாராயக் கடைகளை எதிர்த்துக் கிளம்பினார்கள். 1993-இல் அங்கே சாராயத்துக்குத் தடை வந்தது. 1995-இல் முழு மதுவிலக்கே வந்தது. ஆனால் 1997-இல் மதுவிலக்கைத் தளர்த்திவிட்டார்கள். அரசுக்கு வருமானம் குறைகிறது என்பது அதற்குச் சொன்ன முக்கியமான காரணம். அந்தப் பெண்களின் போராட்டம் சின்னது இல்லை. ஆனா நாம ஒன்றைக் கற்றுக்கொள்ளலாம். ஒரு மாற்றம் வந்தால் யாருக்கு நஷ்டம், அவங்க நாலு வருஷம் கழித்து என்ன செய்வாங்கன்னு முதலிலேயே யோசிக்கணும். ஒரு உத்தரவில் வந்தது இன்னொரு உத்தரவில் போகும். ஆயிரக்கணக்கான பெண்கள் உடம்பால் பழகின சைக்கிளை எந்த உத்தரவும் பறிக்க முடியவில்லை.

இப்போ என் கதைக்கு வருகிறேன். அம்மாவுக்கு சைக்கிள் இருந்தும் நான் பத்தாவதோடு ஏன் நின்றேன்? மேல்நிலைப் பள்ளி எங்க ஊரிலிருந்து ஒன்பது கிலோமீட்டர். சைக்கிளும் இருந்தது, ஓட்டவும் தெரியும். வழியில் இரண்டு கிலோமீட்டர் தைலமரக் காடு. விளக்கு கிடையாது. சாயங்காலம் ஸ்பெஷல் கிளாஸ் முடிஞ்சு வர இருட்டிடும். "வேண்டாம்"னு தாத்தா ஒரே வார்த்தையில் முடிச்சிட்டார். அம்மா ராத்திரி முழுக்க அழுதாங்க. சாலையில் விளக்கு வேணும்னு அன்றைக்குக் கேட்க எங்க ஊரில் ஒரு அமைப்பு இல்லை. அப்பா இல்லை, தாத்தா இல்லை, அந்த இருட்டுதான் என் படிப்பை நிறுத்தியதுன்னு இத்தனை வருஷம் கழிச்சுத்தான் எனக்குப் புரியுது.

இப்போ என் மகள் பத்தாவது படிக்கிறாள். பதினொன்றாம் வகுப்பில் அரசு சைக்கிள் கொடுக்கும். ஆனா அந்தக் காட்டு வழியில் இன்னும் பாதித் தூரத்துக்கு விளக்கு இல்லை.

அதனால் ஒரு விண்ணப்பம். கிராம சபைக்கு நாம வருஷா வருஷம் வறுமைக் குறைப்புத் திட்டம் எழுதிக் கொடுக்கிறோம். போன வருஷம் எங்க ஊராட்சியில் நான்தான் எழுதினேன். தையல் மிஷின் இத்தனை, ஆடு இத்தனை, கடன் இவ்வளவுன்னு பட்டியல் போட்டேன். தப்பில்லை. ஆனா பட்டியல் மட்டும் திட்டம் ஆகாது. இந்த வருஷம் எழுதும்போது ஒவ்வொரு வரிக்கும் மூணு கேள்வி கேட்போம். இது நமக்கு இல்லாமல் போனதுக்குப் பின்னால் என்ன இருக்கு? அது யார் கையில் இருக்கு? கிடைத்த பிறகு அதை யார் காப்பாற்றுவாங்க?

எங்க ஊராட்சிக் கூட்டமைப்பில் போன மாதம் இப்படிக் கேட்டுப் பார்த்தோம். பத்தாவதோடு பெண் பிள்ளைகள் நிற்கிறதுக்குக் காரணம் தேடினால் விளக்கு, பஸ் நேரம், ஸ்பெஷல் கிளாஸ் நேரம்னு மூணும் வந்தது. மூணும் மூணு ஆபீஸ். ஒவ்வொன்றுக்கும் ரெண்டு பேர் பொறுப்பு ஏற்றிருக்கோம். வேலை முடியும்வரை மாசா மாசம் போய்க் கேட்பது, கூட்டத்தில் வந்து சொல்வது, தீர்மானப் புத்தகத்தில் எழுதுவது. விளக்கு ஆபீஸுக்கு என் பேரும் பக்கத்துத் தெரு அக்கா பேரும் இருக்கு.

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறக்கிறதுக்குள் விளக்கு எரியணும். எரியலைன்னாலும் ஏன் எரியலைன்னு அடுத்த கூட்டத்தில் வந்து சொல்வேன். அம்மாவோட சைக்கிள் இப்போ துருப்பிடிச்சுப் போச்சு. ஆனா அம்மா இன்னும் கேட்கிறாங்க, "பேத்தி மேல படிப்பாளா"ன்னு. பதில் நம்ம எல்லார் கையிலயும் இருக்கு.