கழுத்துப்பட்டையும் பொதுவெளியும்

1832 ஜூன் 6ஆம் நாள் பம்பாய்க் கோட்டைப் பகுதியில் இரண்டு ஐரோப்பியக் காவலர்களைச் சுமார் இருநூறு பேர் சூழ்ந்து தாக்கினர். தாக்கியவர்களில் பெரும்பாலோர் பார்சிகள். காவலர்கள் அன்று மேற்கொண்டிருந்த பணி நாய்களைக் கொல்வது. மறுநாள் கடைகள் அடைக்கப்பட்டன, சந்தை முடங்கியது, படையினருக்குச் செல்லவேண்டிய உணவுப்பொருள்கள் தடைபட்டன. பார்சிகளோடு இந்து, சமண வணிகர்களும் இஸ்மாயிலி முஸ்லிம்களும் கடையடைப்பில் சேர்ந்தனர். அரசு படையை வரவழைத்துக் கூட்டத்தைக் கலைத்தது, பலர் கைதாயினர். வரலாற்றாய்வாளர்கள் இதனைப் ‘பம்பாய் நாய்க் கலவரம்’ என்று குறிப்பிடுகின்றனர். இந்திய நகரமொன்றில் பொதுவெளி யாருடையது என்னும் கேள்வி முதன்முதலாகப் பெரிய அளவில் தெருவுக்கு வந்த நிகழ்வுகளுள் இதுவும் ஒன்று. அக்கேள்வியைத் தெருவுக்குக் கொண்டுவந்தது நாய்.

கலவரத்தின் உடனடிக் காரணம் எளிது. கோடைக் காலத்தின் சில வாரங்களில் தெருவில் திரியும் நாய்களைக் கொல்லலாம் என்ற விதி 1813 முதலே பம்பாயில் நடைமுறையில் இருந்தது. 1832இல் அக்காலம் ஜூன் நடுப்பகுதிவரை நீட்டிக்கப்பட்டது. கொன்ற நாய் ஒவ்வொன்றுக்கும் சன்மானம் உண்டு. தலைக்கு இவ்வளவு என்று கூலி நிர்ணயித்தால் கூலி பெறுபவர் எளிதில் பிடிபடும் நாயைத்தான் நாடுவார். மனிதரைக் கண்டு ஓடாத, வாசற்படியில் படுத்திருக்கும், வீட்டாரோடு பழகிய நாயே எளிதில் பிடிபடும். ஆகவே தெருநாய்களைக் குறிவைத்த விதி வீட்டு வாசல்வரை வந்தது. சில இடங்களில் வாசலையும் தாண்டியது. ஜூன் 6 பார்சிகளுக்குப் புனித நாளாகவும் அமைந்துவிட்டது.

ஜரதுஷ்ட்ர சமயத்தில் நாய்க்குரிய இடம் தனித்துவமானது. வெந்திதாத் என்னும் நூலின் பதின்மூன்றாம் பகுதி நாய்களைப் பற்றியதே. நாயைத் துன்புறுத்துவோர்க்கு அது கடுந்தண்டனை விதிக்கிறது. இறந்தவரின் உடலை நாய் ஒன்று நோக்கவேண்டும் என்பது ‘சக்தீத்’ எனப்படும் சடங்கு. கண்களுக்கு மேல் இரு புள்ளிகள் கொண்ட ‘நான்கு கண் நாய்’ அதற்குச் சிறந்ததாகக் கருதப்பட்டது. எனினும் சமய உணர்வு மட்டுமே கலவரத்தை முழுமையாக விளக்கிவிடாது. வாசல், திண்ணை, தெரு ஆகியவற்றுக்கு இடையே பம்பாய்வாசிகள் கண்ட எல்லையும் காலனிய நிர்வாகம் கண்ட எல்லையும் வேறுவேறு. நிர்வாகத்தைப் பொறுத்தவரை வீட்டுச் சுவருக்கு உள்ளே இருப்பது உடைமை. வெளியே இருப்பது உரிமையாளரற்றது. தெருவாரைப் பொறுத்தவரை ஒரு நாய்க்குத் தனியொரு உரிமையாளர் இல்லாமலே இருபது வீடுகள் சோறிட முடியும். அந்நாய் எவருடையதும் அன்று, ஆனால் அத்தெருவினுடையது.

பின்னர் ஜம்ஷெட்ஜி ஜீஜீபாய் உள்ளிட்ட வணிகத் தலைவர்கள் அரசோடு பேசினர். கொல்வதற்கு மாற்றாக நாய்களை நகருக்கு வெளியே அகற்றலாம் என்ற யோசனை முன்வைக்கப்பட்டது. 1834இல் ஜம்ஷெட்ஜியும் சமண வணிகரான மோதிசந்த் அமிசந்தின் குடும்பத்தினரும் பங்களித்த பம்பாய்ப் பிஞ்சராபோல் உருவாயிற்று. நாய்கள் உயிர் பிழைத்தன. ஆனால் தெருவில் அவற்றுக்கு இடமில்லை என்ற கருத்தும் பிழைத்துக்கொண்டது. உரிமையாளர் உள்ள நாய், இல்லாத நாய் என்ற பாகுபாட்டை இரு தரப்பும் ஏற்றுக்கொண்ட பிறகே சமரசம் எட்டப்பட்டது. பொதுவெளியில் நாயின் உயிருக்கு உத்தரவாதம் மனிதர் ஒருவரின் பெயர் மட்டுமே என்றாயிற்று. கழுத்துப்பட்டை அப்பெயரின் புலப்படும் வடிவம்.

பட்டையற்ற நாய்க்கு ஆங்கிலேயர் இட்ட பெயர் இங்கே கவனத்திற்குரியது. தென்னகத்துப் பறையர் சமூகத்தின் பெயர் 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்தே ஐரோப்பியர் எழுத்துகளில் ‘பரையா’ என்று காணப்படுகிறது. ‘பறை’ என்னும் இசைக்கருவியின் பெயரோடு தொடர்புடையதாக விளக்கப்படும் இச்சொல், ஐரோப்பிய மொழிகளில் முதலில் ஒரு சாதியையும், பின்னர் ஒடுக்கப்பட்ட சாதிகள் அனைத்தையும், இறுதியில் சமூகத்தால் விலக்கப்பட்ட எவரையும் குறிக்குமளவுக்கு விரிந்தது. அதே வேகத்தில் அது விலங்குகளையும் பற்றிக்கொண்டது. யூலும் பர்னலும் தொகுத்து 1886இல் வெளிவந்த ‘ஹாப்சன்-ஜாப்சன்’ அகராதியில் ‘பரையா நாய்’ தனிச்சொல்லாகவே பதிவாகியிருக்கிறது. பேச்சுவழக்கில் வழங்கிய ‘பை-டாக்’ என்பதும் இதன் குறுக்கம் என்று பொதுவாகக் கருதப்படுகிறது.

சொற்பொருள் விரிவு மொழியியலில் இயல்பான நிகழ்வே. ஆனால் இங்கு நிகழ்ந்தது வெறும் விரிவன்று. உரிமையாளரற்ற நாயைக் குறிக்க ஆங்கிலத்தில் ஏற்கெனவே சொற்கள் இருந்தன. இருந்தும் ஒரு மனிதக் கூட்டத்தின் பெயர் தேர்ந்தெடுக்கப்பட்டது. ஊரின் விளிம்பில் வாழ்வது, மிச்சத்தை உண்பது, உள்ளே வர அனுமதி இல்லாதது ஆகிய கூறுகள் அந்நாயையும் அம்மனிதரையும் இணைக்கும் பொதுத்தன்மையாகக் கொள்ளப்பட்டன. பெரிய வீடுகளில் பேணி வளர்க்கப்பட்ட நாய்களின் பெயர்களோடு இதனை ஒப்பிட்டால் வேறுபாடு துலங்கும். ராஜபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை எல்லாம் ஊர்ப்பெயர்கள். பாளையக்காரர், ஜமீன்தார் மரபோடு பேசப்படும் நாய்க்கு ஊரின் பெயர் கிடைத்தது. தெருவில் வாழ்ந்த நாய்க்கு ஊருக்கு வெளியே நிறுத்தப்பட்ட மனிதரின் பெயர் கிடைத்தது. அச்சொல் இன்றும் நாய்களைத் தத்துக்கொடுக்கும் விளம்பரங்களில் தயக்கமின்றி அச்சாகிறது.

இந்த இணைப்பை ஆங்கிலேயரே புதிதாகக் கண்டுபிடித்தனர் என்று கூறுவது பிழையாகும். மனுஸ்மிருதியின் பத்தாம் அத்தியாயம் சண்டாளரும் ‘சுவபசர்’ எனப்படுவோரும் ஊருக்கு வெளியே வாழவேண்டும் என்றும், நாயும் கழுதையுமே அவர்தம் செல்வம் என்றும் விதிக்கிறது. ‘சுவபசர்’ என்ற சொல்லே நாயைச் சமைப்போர் என்று பொருள்படுவது. இரவில் ஊர்களிலும் நகரங்களிலும் அவர்கள் நடமாடலாகாது. பகலில் அரசாணைப்படி அடையாளக்குறி தாங்கியே வரவேண்டும் என்றும் அது தொடர்கிறது. அடையாளக்குறி அணிந்தால் மட்டுமே பொதுவெளியில் நடமாடலாம் என்ற ஏற்பாடு நாய்க்குக் கழுத்துப்பட்டையாக வருவதற்கு நெடுங்காலம் முன்பே மனிதருக்கு எழுதப்பட்டுவிட்டது.

நாயோடு வருபவரை வாசலில் தடுத்து நிறுத்தும் காட்சி புராண மரபிலும் இருமுறை முக்கியமாக இடம்பெறுகிறது. மகாபாரதத்தின் பதினேழாம் பருவத்தில் இமயத்தைக் கடந்து செல்லும் யுதிஷ்டிரனைப் பின்தொடர்ந்து நாய் ஒன்று இறுதிவரை வருகிறது. நாயுடையோர்க்குச் சொர்க்கத்தில் இடமில்லை என்கிறான் இந்திரன். அடைந்தாரைக் கைவிடேன் என்று யுதிஷ்டிரன் மறுக்க, நாய் அறக்கடவுளாக வெளிப்படுகிறது. இரண்டாவது, சங்கரர் பற்றிய மரபுக்கதை. காசித் தெருவில் நான்கு நாய்களோடு எதிர்ப்படும் சண்டாளரை விலகச் சொல்கிறார் சங்கரர். விலகவேண்டியது உடலா, ஆன்மாவா என்று எதிர்க்கேள்வி எழுகிறது. வந்தவர் சிவன் என்றும், நான்கு நாய்களும் நான்கு வேதங்கள் என்றும் கதை முடிகிறது.

இவ்விரு கதைகளும் கருணையின் சான்றுகளாகவே பெரும்பாலும் எடுத்துக்காட்டப்படுகின்றன. அவற்றின் முடிவைக் கூர்ந்து நோக்கினால் மற்றொன்றும் தெரியும். நாய் நாயாகவே இருந்து சொர்க்கத்துள் நுழையவில்லை. சண்டாளர் சண்டாளராகவே இருந்து வணக்கம் பெறவில்லை. வேடம் கலைந்து தெய்வம் வெளிப்பட்ட பிறகே தடை நீங்குகிறது. கலைப்பதற்கு வேடம் ஏதும் இல்லாதவர்க்கு அந்த வாசலில் என்ன நேரும் என்ற கேள்விக்கு இக்கதைகளில் விடை இல்லை.

காலனியக் காலத்தில் இக்கேள்வி திசைமாறித் திரும்பியது. ஐரோப்பியர் மன்றங்களின் வாசலில் நாய்க்கும் இந்தியர்க்கும் அனுமதியில்லை என்று பலகை தொங்கியதாகத் தேசிய இயக்க நினைவுகள் கூறுகின்றன. 1932 செப்டம்பரில் பிரீத்திலதா வத்தேதார் தலைமையில் தாக்கப்பட்ட சிட்டகாங் பஹார்தலி ஐரோப்பிய மன்றத்தோடும் அத்தகைய பலகையின் நினைவு இணைந்துள்ளது. இதனை ஒத்த ஷாங்காய்ப் பூங்காவின் நிகழ்வு கூடுதல் தெளிவு தருகிறது. அங்கே 1917ஆம் ஆண்டு விதிகளில் பூங்கா வெளிநாட்டவர்க்கே உரியது என்பது ஒரு விதி. நாய்களுக்கும் மிதிவண்டிகளுக்கும் அனுமதியில்லை என்பது வேறொரு விதி. மக்கள் நினைவு இரண்டையும் ஒரே வரியாக்கியது. எழுத்தில் பிரிந்திருந்தவற்றை அவமானம் ஒன்றாக்கிப் படித்தது. விலக்கப்பட்டவர் எந்தப் பட்டியலில் தம்மைக் காண்கிறார் என்பதற்கு அந்த வாசிப்பே சான்று.

ஆனால் இந்தியச் சமூகத்துக்குள் இந்தப் பலகை எழுதப்படாமலே நிலவியது. 1927 மார்ச் 20இல் மகாத் நகரின் சவுதார் குளத்தில் அம்பேத்கர் தலைமையில் மக்கள் நீர் அருந்தியபோது, விலங்குகளுக்கு மறுக்கப்படாத நீர் மனிதர்க்கு மறுக்கப்பட்டிருந்தது என்பதே போராட்டத்தின் அடிப்படை. 1931இல் காந்தியைச் சந்தித்தபோதும் நாய் பூனைகளைவிடக் கீழாக நடத்தப்படும் மண்ணைத் தம் தாயகம் என்று எப்படி அழைப்பது என்ற பொருளில் அவர் பேசினார். வெள்ளையர் மன்றத்தின் வாசலில் நாயோடு சேர்த்து நிறுத்தப்பட்டதை அவமானமாக உணர்ந்த சமூகம், தன் குளக்கரையில் நாய்க்கும் கீழே சிலரை நிறுத்தியிருந்தது.

காந்தியும் நாய் பற்றி விரிவாக எழுதியவரே. 1926இல் அகமதாபாத் ஆலை அதிபர் ஒருவர் தம் ஆலை வளாகத்தில் திரிந்த அறுபது நாய்களைக் கொல்லச் செய்தார். அதனை ஆதரித்துக் காந்தி ‘யங் இந்தியா’வில் எழுதியது பெரும் எதிர்ப்பைக் கிளப்ப, அவர் தொடர் கட்டுரைகளால் விடையளித்தார். போகிற போக்கில் ஒரு கவளம் எறிவது கருணையாகாது. நாயை வளர்ப்பவர் முழுப்பொறுப்பை ஏற்கவேண்டும். உரிமையாளரற்ற நாய்கள் தெருவில் திரிவது சமூகத்தின் குறைபாடு என்பது அவர் வாதத்தின் சாரம். அகிம்சையின் பெயரால் எழுந்த இவ்வாதமும் 1813இன் விதியும் ஒரு புள்ளியில் சந்திக்கின்றன: பொதுவெளியில் நாய் இருக்கவேண்டுமெனில் அதற்கு ஒரு மனிதப் பெயர் வேண்டும்.

விடுதலைக்குப் பிந்தைய சட்டங்கள் இப்பாகுபாட்டைத் தொடர்ந்தன. ஆனால் சொற்கள் மெல்ல மாறின. 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் திரியும் நாய்களைக் கொல்வதை வதையாகக் கருதாமல் விலக்களித்தது. சென்னையில் புளூ கிராஸ் அமைப்பு பல்லாண்டுகள் வலியுறுத்திய கருத்தடைத் திட்டத்தை 1996இல் மாநகராட்சி ஏற்றது. 2001ஆம் ஆண்டின் மத்திய விதிகள் நாய்களை வளர்ப்பு நாய், தெருநாய் என்று இருவகைப்படுத்தி, கருத்தடையும் தடுப்பூசியும் செய்து பிடித்த இடத்திலேயே விடவேண்டும் என்றன. 2023ஆம் ஆண்டு விதிகளில் ‘சமுதாய விலங்கு’ என்ற வழக்கு நுழைந்தது. 1832இல் பம்பாய்த் தெருவார் அறிந்திருந்த, சட்டம் அறியாதிருந்த ஓர் உறவுக்கு ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் கழித்துச் சட்டத்தில் ஒரு சொல் கிடைத்தது.

அச்சொல்லின் பொருள் இன்னும் உறுதிப்படவில்லை. 2025 ஆகஸ்ட் 11இல் உச்ச நீதிமன்றம் தில்லித் தலைநகர்ப் பகுதியின் தெருநாய்கள் அனைத்தையும் காப்பகங்களுக்கு அகற்ற ஆணையிட்டது. ஆகஸ்ட் 22இல் அதனைத் திருத்தி, வெறிநோயோ மூர்க்கமோ இல்லாத நாய்களைச் சிகிச்சைக்குப் பின் அதே பகுதியில் விடலாம் என்றது. நவம்பர் 7இல் பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம், இரயில் நிலையம் போன்ற வளாகங்களிலிருந்து அவற்றை அகற்றவும் மீண்டும் அங்கே விடாதிருக்கவும் பணித்தது. இவ்வாணைகளுக்குப் பின்னுள்ள அச்சம் பொய்யன்று. வெறிநோய் அறிகுறி தோன்றியபின் ஏறத்தாழ எப்போதும் உயிரைப் பறிப்பது. கடிபடுவோரில் குழந்தைகள் மிகுதி. காரில் செல்லாமல் தெருவில் நடந்தே வேலைக்குப் போகும் ஏழைகளும் மிகுதி. நாயின் உரிமையைப் பேசுவோர் இதனைக் கடந்து சென்றால் அவர்களின் கருணை ஒரு வகுப்பின் கருணையாகச் சுருங்கிவிடும்.

இதே காலத்தில் பட்டை அணிந்த நாய்க்கோ வாசல்கள் ஒவ்வொன்றாகத் திறக்கின்றன. பெருநகரங்களின் உணவகங்களும் வணிக வளாகங்களும் நாயோடு வருவோரை வரவேற்கின்றன. இரயிலில் முதல் வகுப்பின் தனியறையை முன்பதிவு செய்தவரோடு நாய் பயணம் செய்யலாம். மற்றவரின் நாய்க்குக் காவலர் பெட்டியின் கூண்டே இடம். அடுக்ககங்களில் நாய்கள் மின்தூக்கியைப் பயன்படுத்துவதைக் குடியிருப்போர் சங்கங்கள் தடைசெய்யலாகாது என்று இந்திய விலங்குநல வாரியம் 2015இல் அறிவுறுத்தியது. நாய்க்கு அனுமதி உண்டா என்ற கேள்விக்கு ஒவ்வொரு முறையும் கிடைக்கும் விடை, அதன் கயிற்றைப் பிடித்திருப்பவர் யார் என்பதைப் பொறுத்ததாகவே இருக்கிறது.

அடுக்ககங்கள் பலவற்றில் பணியாளர்க்கெனத் தனி மின்தூக்கி உண்டு. அதன் அறிவிப்புப் பலகையில் வீட்டுப் பணியாளர், பொருள் கொண்டுவருவோர், வளர்ப்பு விலங்குகள் என்று மூன்றும் ஒரே பட்டியலில் எழுதப்பட்டிருப்பதுண்டு. வாரியத்தின் அறிவுறுத்தலைச் சுட்டி அப்பட்டியலிலிருந்து நாயின் பெயரை நீக்கச் சொல்ல முடியும். மற்ற இருவரின் பெயர்களை நீக்கச் சொல்ல எந்த வாரியமும் இதுவரை சுற்றறிக்கை அனுப்பவில்லை.