ஏர் பிடித்த நம் முன்னோர்

கானாடுகாத்தானின் நெடிய மாளிகைகள் நகரத்தார் குடும்பங்களின் பெயரை இன்றும் சொல்லி நிற்கின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வந்தவாசி, திண்டிவனம் வட்டாரங்களில் ஏர் உழுத நம் நயினார் குடும்பங்களுக்கு அத்தகைய சான்றுகள் இல்லை.

ஆதிபகவன் மக்களுக்குக் கற்பித்த ஆறு தொழில்களுள் உழவும் ஒன்று என்பது நம் மரபு. எனவே அவர்கள் உழவை அறத்திற்கு இயைந்த வாழ்வாகவே கொண்டனர். பகலெல்லாம் வயலில் உழைத்தும், பொழுது சாயுமுன் உண்ணும் நோன்பினைக் கைவிட்டாரிலர்.

1820 முதல் சென்னை மாகாணத்தில் பரவிய இரயத்துவாரி முறையால் நிலவரி நேரே உழவர்மீது விழுந்தது. 1876–78 ஆண்டுகளின் தாது வருடப் பஞ்சம் மாகாணத்தையே வாட்டியது. இத்தகைய இடர்மிகு காலத்திலும் நம் குலத்தார் இல்லங்களிலும் கோயில்களிலும் ஓலைச்சுவடிகளைப் பேணினர். கும்பகோணத்துச் சமணர் சிந்தாமணியை ஓதிவந்த மரபே உ.வே.சாமிநாதையருக்குப் பொருள் விளங்கத் துணைநின்றது. 1887இல் அந்நூல் அச்சேறியது.

அவ்வுழவர்தம் பெயரை அரசின் கணக்கேடு வரிக்காக மட்டுமே எழுதிற்று. அறம் காத்தமைக்காக அதனை எழுதவேண்டியவர் நாமே. பாட்டனார், பாட்டியார் பெயரையும், ஊரையும், அவர்கள் பேணிய சுவடியையும் இவ்விழா நாளில் குறித்து வைப்போமாக.