கான்டெஸாவும் ஆர்.சி. புத்தகமும்

செவ்வாப்பேட்டை ரோடு ஸ்டேஷனிலிருந்து என் வீட்டுக்கு வரும் வழியில் ஒரு மெக்கானிக் ஷெட் உண்டு. அதன் பின்பக்கம், வேப்ப மரத்தடியில், தார்ப்பாய் போட்டு மூடிய கார் ஒன்று பல வருடங்களாக நிற்கிறது. வாக்கிங் போகும்போதெல்லாம் பார்ப்பேன். போன மாதம் தார்ப்பாயை எடுத்திருந்தார்கள். உள்ளே கரு நீலத்தில் ஒரு கான்டெஸா. முன்னால் நான்கு விளக்குகள், நீண்ட பானெட், அதன் மேல் காக்கை எச்சம்.

மெக்கானிக் என்னைக் கூப்பிட்டார். "சார், நீங்க கவர்மென்ட்ல இருந்தவரு. இது எவ்ளோ போவும்? காயலான் கடைக்காரன் கிலோ கணக்குல கேக்குறான். மெட்ராஸ்லேர்ந்து ஒரு பையன் வந்து லட்சக் கணக்குல பேசுறான். ரெண்டுல எது சார் நெசம்?"

அப்போது எனக்குப் பதில் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து யோசித்ததில் விஷயம் அமெரிக்கா வரைக்கும் போய்விட்டது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அமெரிக்காவில் 'மசில் கார்' என்று ஒரு இனம் இருந்தது. நடுத்தர அளவுள்ள, விலை மலிவான காரில் பெரிய காருக்குரிய எஞ்சினைத் தூக்கி வைப்பது. அவ்வளவுதான் சூத்திரம். 1964-ல் பான்டியாக் கம்பெனி ஜி.டி.ஓ. என்ற வண்டியைக் கொண்டுவந்தது. 6.4 லிட்டர் எஞ்சின், 325 குதிரைச் சக்தி. இந்த மாற்றத்துக்குச் சாதாரண காரின் விலைக்கு மேல் முந்நூறு டாலருக்கும் குறைவாகவே வாங்கினார்கள். வேலைக்குச் சேர்ந்த இளைஞன் சம்பளத்தில் தவணை கட்டி வாங்கக்கூடிய வேகம் அது. அதே வருடம் ஃபோர்டின் முஸ்டாங் வந்தது. டாட்ஜ் சார்ஜர், பிளைமவுத் பாராகுடா என்று வேறு வண்டிகளும் வந்தன.

பத்து வருடம்கூட அந்த ஆட்டம் நீடிக்கவில்லை. விபத்துகள் பெருகவே இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் பிரீமியத்தை ஏற்றின. 1970-ல் காற்று மாசுச் சட்டம் கடுமையானது. 1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தின. பெட்ரோல் பங்க் வாசலில் வரிசை நின்றபோது 6 லிட்டர் எஞ்சினை யார் சீந்துவார்கள்? எல்லாம் பழைய கார் கடைகளில் அடிமாட்டு விலைக்குக் கிடந்தன. நிறைய நொறுக்கப்பட்டன.

அப்படிக் கிடந்த ஒன்றின் கதையைச் சொல்லியாக வேண்டும். 1968-ல் ஸ்டீவ் மக்வீன் நடித்த 'புல்லிட்' படத்தில் ஓடிய பச்சை முஸ்டாங்கை 1974-ல் ஒரு குடும்பம் சுமார் 6,000 டாலருக்கு வாங்கியது. அந்த வீட்டம்மா ஒரு பள்ளி ஆசிரியை. தினமும் அதில்தான் வேலைக்குப் போனார். 1977-ல் மக்வீனே அதைத் திரும்பக் கேட்டுக் கடிதம் எழுதினார். இவர்கள் கொடுக்கவில்லை. 2020 ஜனவரியில் ஃபுளோரிடாவில் அதை ஏலம் விட்டபோது 34 லட்சம் டாலருக்குச் சுத்தியல் விழுந்தது. அன்றைய கணக்கில் ஏறக்குறைய 24 கோடி ரூபாய். ஏல மேடைக்கு வந்தபோது புதுப் பெயின்ட் கிடையாது, பள்ளமும் துருவும் அப்படியே இருந்தன. ஆனால் இதுதான் அந்த வண்டி என்று காட்ட சேஸிஸ் நம்பர் இருந்தது. மக்வீனின் கடிதம் இருந்தது.

முப்பது வருடத்துக்கு மேல் கோப்பு கட்டியவன் நான். இதைப் படித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

அங்கே சேகரிப்பாளர்கள் முதலில் பார்ப்பது நம்பரைத்தானாம். சேஸிஸில் அடித்த நம்பரும் எஞ்சினில் அடித்த நம்பரும் ஒரே வண்டிக்கு உரியவையா என்று பார்க்கிறார்கள். இரண்டும் பொருந்தினால் ஒரு விலை, பொருந்தாவிட்டால் வேறு விலை. 1971-ன் ஹெமி எஞ்சின் வைத்த, கூரை திறக்கும் பாராகுடா வண்டிகள் மொத்தம் ஒரு டஜனைத் தாண்டாது. அந்த நாளில் விலை அதிகம் என்று வாங்க ஆளில்லை, அதனால்தான் அவ்வளவு குறைவு. 2014-ல் அதில் ஒன்று 35 லட்சம் டாலருக்குப் போனது. அன்றைக்கு விற்காமல் போனதே இன்றைய விலைக்குக் காரணம். அதே உடம்பில் வேறு எஞ்சினை வைத்து 'ஹெமி' என்று எழுதிக்கொண்ட வண்டிகள் எவ்வளவோ உண்டு. பார்த்தால் வித்தியாசம் தெரியாது. விலையில் மட்டும் தெரியும்.

நம் பக்கம் மசில் கார் வரவில்லை. வர வழியும் இல்லை. அதற்கு முந்திய காலத்தில் அமெரிக்க கார்தான் இங்கே ராஜா. 1926-ல் ஃபோர்டு இந்தியாவுக்கு வந்தபோது பம்பாய், கல்கத்தாவோடு சென்னையிலும் வண்டி பூட்டினார்கள். கிராமத்தில் காருக்கே 'பிளசர்' என்று பெயர் வைத்த காலம் அது. சுதந்திரத்துக்குப் பிறகு, இங்கேயே தயாரிக்காமல் பூட்டி மட்டும் விற்பவர்கள் கிளம்பலாம் என்று கொள்கை வந்தது. 1950-களின் நடுவில் ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் மூட்டை கட்டின. பழைய வண்டியைத் தனியாக இறக்குமதி செய்வதற்கும் நீண்ட காலம் 1950-க்கு முன் தயாரானதாக இருக்க வேண்டும் என்று விதி. 1964-ல் பிறந்த இனத்துக்கு அதில் இடமேது?

நான் படித்தது புதுச்சேரியில், பிரெஞ்சு மீடியத்தில். அங்கே தெருவில் பார்த்தவை பிரெஞ்சு வண்டிகள். சித்ரோயன் கம்பெனியின் ஒரு காருக்குப் பெயரே 'தே ஷவோ', அதாவது 'இரண்டு குதிரை'. பிரான்சில் எஞ்சின் அளவைக் குதிரைக் கணக்காக்கி அதன்படி வரி போட்டார்கள். அதனால் அங்கே பெரிய எஞ்சின் வைப்பது பைத்தியக்காரத்தனம். அமெரிக்கனுக்கு 325 குதிரை, பிரெஞ்சுக்காரனுக்கு இரண்டு. பழைய காருக்கு பிரெஞ்சில் 'ஒக்காஸியோன்' என்ற சொல் உண்டு. 'வாய்ப்பு' என்றும் அர்த்தம். 'செகண்ட் ஹேண்ட்' என்பதைவிட மரியாதையான சொல் என்று இப்போதும் எனக்குத் தோன்றும்.

கான்டெஸாவுக்கு வருகிறேன். இங்கிலாந்தின் வாக்ஸ்ஹால் கம்பெனி 1970-களில் செய்த ஒரு காரின் அச்சுகளை ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் வாங்கி, 1984 முதல் வங்காளத்தின் உத்தர்பாராவில் தயாரித்து விற்றது. வாக்ஸ்ஹால் 1925 முதலே அமெரிக்க ஜெனரல் மோட்டார்ஸின் கைக்குள் இருந்தது. கான்டெஸாவின் முகத்தில் அமெரிக்கச் சாயல் வந்த வழி அதுதான். இன்றைய இளைஞர்கள் அதை 'இந்திய மசில் கார்' என்கிறார்கள். முகம் சரிதான், மசில்தான் இல்லை. முதலில் வைத்தது அம்பாஸடரின் 1.5 லிட்டர் எஞ்சின், 50 குதிரைச் சக்தி இருந்தால் அதிகம். பிறகுதான் ஜப்பானின் இசூசு எஞ்சின், 1.8 லிட்டர், சுமார் 88 குதிரை வந்தது. பின்பக்கம் 'இசூசு' என்ற எழுத்தோடு ஒரு வண்டி போனால் தெருவே திரும்பிப் பார்த்தது எனக்கு நினைவிருக்கிறது. 2002-ல் தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள்.

உண்மையான வேகத்தைப் பார்க்க நம் மாவட்டத்துக்காரர்கள் சோழவரம் போவார்கள். உலகப் போர்க் கால விமான ஓடுதளத்தில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் ரேஸ் நடத்தியது. உள்ளூர் ஃபியட்டையும் ஹெரால்டையும் பிரித்து மேய்ந்து பறக்க விட்டார்கள். அதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.

இனி சொல்லப்போவது கொஞ்சம் சங்கடமான விஷயம். நான் வேலை பார்த்த அலுவலகத்தில் ஒரு கான்டெஸா இருந்தது. பெரிய அதிகாரிக்கு ஓடி, சின்ன அதிகாரிக்கு இறங்கி, கடைசியில் ஷெட்டில் நின்றது. அதைக் 'கண்டம்' செய்யும் கோப்பு என் மேஜைக்கு வந்தது. பணிமனைச் சான்று, ஓடிய கிலோமீட்டர், கடைசி ஐந்து வருட ரிப்பேர் செலவு எல்லாவற்றையும் சேர்த்து, குறைந்தபட்ச ஏலத் தொகைக்குக் குறிப்பு வைத்தவன் நானே. ஏலம் இருபதாயிரத்தைத் தாண்டவில்லை. எடுத்தவர் புதுப்பேட்டைக்காரர். ஒரு வாரத்தில் கதவு ஒரு கடையிலும் கண்ணாடி ஒரு கடையிலும் தொங்கியிருக்கும். எஞ்சின், சேஸிஸ், ஆர்.சி. மூன்றும் அச்சுக் குலையாமல் பொருந்திய வண்டி அது. விதிப்படி எல்லாம் சரியாகத்தான் செய்தேன், தணிக்கைக்காரர் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. ஆனால் இன்று நல்ல நிலையில் உள்ள கான்டெஸாவுக்கு ஐந்து லட்சத்துக்கு மேல் கேட்கிறார்கள் என்று படிக்கும்போது அந்தக் கோப்பின் பழுப்பு அட்டை கண்ணுக்குள் வருகிறது. இப்போதோ 2023 ஏப்ரல் முதல் பதினைந்து வருடம் தாண்டிய அரசு வண்டிக்குப் பதிவைப் புதுப்பிப்பதே இல்லை, உடைக்கத்தான் வேண்டும். எதிர்காலத்தில் ஒரு அரசு வண்டியும் சேகரிப்பாளர் கைக்குப் போகாது.

தனியார் வண்டிக்கு இன்னும் வழி இருக்கிறது, செலவும் இருக்கிறது. பதினைந்து வருடத்துக்குப் பிறகு ஐந்து வருடத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரலில் அதற்கான கட்டணத்தை 600 ரூபாயிலிருந்து 5,000 ஆக்கினார்கள். 20 வருடம் தாண்டியவற்றுக்கு 2025-ல் அதையும் இரட்டிப்பாக்கினார்கள். பசுமை வரி தனி. இத்தனையும் தாண்டி ஐம்பது வயதைத் தொட்டுவிட்டால் மரியாதையே வேறு. 2021 ஜூலையில் வந்த மத்திய விதிப்படி, அசல் உருவம் மாறாத ஐம்பது வருட வண்டிக்கு 'விஏ' என்ற எழுத்தோடு தனி நம்பர் கிடைக்கும். கட்டணம் 20,000 ரூபாய், பத்து வருடம் செல்லும். முதல் வருடத்துக் கான்டெஸா 2034-ல் அந்த வயதை அடையும். நடுவில் இருக்கும் முப்பத்தைந்து வருடத்தைத் தாண்டவிடாமல் எடைக்குப் போடுவதுதான் வழக்கமாக நடப்பது.

வண்டியே இல்லாமல் வெறும் பெயருக்கும் விலை உண்டு. 2014-ல் உற்பத்தி நின்றுபோன அம்பாஸடரின் பெயரை மட்டும் 2017-ல் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் பிரான்சின் பெஜோ கம்பெனிக்கு 80 கோடி ரூபாய்க்கு விற்றது. ஒரு போல்ட், நட்டுகூடக் கை மாறவில்லை.

அந்த பிரெஞ்சுக்காரர்கள் வந்து இறங்கிய இடம் எங்கே தெரியுமா? செவ்வாப்பேட்டை ரோட்டில் ரயில் ஏறினால் திருவள்ளூர் தாண்டி வரும் கடம்பத்தூர். அதன் பக்கத்து அதிகத்தூர். 1998 முதல் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் மிட்சுபிஷி லான்ஸர் செய்த அதே தொழிற்சாலையில் 2021 முதல் சித்ரோயன் கார் வெளிவருகிறது. அதே வருடம் ஜனவரியில் அந்தக் கம்பெனி, கிரைஸ்லரையும் டாட்ஜையும் வைத்திருந்த கம்பெனியோடு இணைந்து 'ஸ்டெல்லான்டிஸ்' ஆகிவிட்டது. பாராகுடா செய்த வீட்டின் வாரிசும் 'இரண்டு குதிரை' செய்த வீட்டின் வாரிசும் இப்போது ஒரே முதலாளியிடம். புதுச்சேரியில் நான் வாய் பிளந்து பார்த்த அந்த இரட்டை அம்புக்குறியை இன்று திருவள்ளூர் லாரிகளின் முதுகில் பார்க்கிறேன்.

மறுபடி மெக்கானிக்கிடம் போனேன். "தம்பி, ஆர்.சி. இருக்கா?" என்று கேட்டேன். வண்டிக்காரரை வரவழைத்தார். ஐம்பது வயது மனிதர். வண்டி அவருடைய அப்பா வாங்கியது. பூஜை அறை தகரப் பெட்டியிலிருந்து ஆர்.சி. புத்தகம் வந்தது, பழைய பச்சைப் புத்தகம், ஓரம் செல்லரித்தது. சேஸிஸ் தகட்டின் அழுக்கைத் துடைத்து, வெள்ளைக் காகிதத்தை வைத்து பென்சிலால் தேய்த்தோம். எழுத்துக்கு எழுத்து பொருந்தியது. எஞ்சின் நம்பர் பொருந்தவில்லை. பெட்ரோல் விலை ஏறியபோது அப்பா டீசல் எஞ்சின் மாற்றியிருக்கிறார், புத்தகத்தில் ஏற்றவில்லை.

மெட்ராஸ் பையன் இதைக் கேட்டதும் சொன்ன தொகையில் பாதிக்கு இறங்கிவிட்டான். காயலான் கடைக்காரர் மட்டும் அதே விலையில் நின்றார். வண்டிக்காரர் இரண்டு பேருக்கும் கொடுக்கவில்லை. "அப்பா ஓட்டின வண்டி ஐயா, எதாவது பண்ண முடியுமா?" என்று என்னைப் பார்த்தார். பெட்ரோல் எஞ்சின் கிடைக்கிறதா என்று புதுப்பேட்டையில் தேடச் சொல்லியிருக்கிறேன். பதிவைப் புதுப்பிக்க 25-ம் எண் படிவத்தையும், கூடவே ஒரு விளக்கக் கடிதத்தையும் என் கையாலேயே எழுதிக் கொடுத்தேன். மனு போன வியாழக்கிழமை போயிருக்கிறது.