கண்சூழ் அமிலாய்டு நோய்

கண்சூழ் அமிலாய்டு நோய் என்பது, பிழையாக மடிந்த புரதங்கள் நுண்ணிழைகளாகத் திரண்டு கண்ணிமை, இமையிணைப்படலம், கண்குழி, கண்ணீர்ச் சுரப்பி ஆகியவற்றில் படியும் அரிய நோயாகும். விழியின் வெண்பகுதியையும் இமைகளின் உட்புறத்தையும் மூடும் மெல்லிய சவ்வே இமையிணைப்படலம் எனப்படும். இந்நோய் பெரும்பாலும் கண்ணோடு நின்றுவிடுகிறது. சிலரில் மட்டும் இதயம், சிறுநீரகம் முதலியவற்றைத் தாக்கும் உடல்தழுவிய நோயின் முதல் அடையாளமாக அமைகிறது. இவ்விரண்டையும் பிரித்தறிவது இன்றியமையாதது.

பெயர்

இப்படிவு அயோடின் பட்டதும் மாவுப்பொருள் போல் நிறம் மாறியதால், 1854இல் செருமானிய மருத்துவர் ருடோல்ஃப் விர்ச்சோ இதனை 'அமிலாய்டு' (மாவுப்பொருள் போன்றது) என அழைத்தார். இது புரதம் எனப் பின்னர் அறியப்பட்டபோதும் பெயர் நிலைத்துவிட்டது.

அறிகுறிகள்

* வலியற்ற, மஞ்சள் அல்லது இளஞ்சிவப்பு நிறத் தடிப்பு
* மேலிமை தொங்குதல்
* காரணமின்றி அடிக்கடி ஏற்படும் இரத்தக்கசிவு
* கண்குழியில் படிந்தால் விழி பிதுங்குதல், இரட்டைப் பார்வை

இமைத் தோலில் ஊதா நிறத் திட்டுகள் தோன்றினால் உடல்தழுவிய நோயை ஐயுற வேண்டும்.

கண்டறிதல்

தோற்றத்தை மட்டும் கொண்டு இந்நோயை உறுதிசெய்ய இயலாது. சிறு திசுத்துண்டை எடுத்துக் காங்கோ சிவப்புச் சாயமேற்றி, முனைவாக்கிய ஒளியில் நுண்ணோக்கியால் காண்பர். படிவு ஆப்பிள் பச்சை நிறத்தில் ஒளிர்ந்தால் நோய் உறுதியாகும். அடுத்து, படிந்த புரதத்தின் வகை கண்டறியப்படும். இரத்தம், சிறுநீர் ஆகியவற்றில் எதிர்ப்புரதச் சங்கிலிகளும், இதயத்தின் நிலையும் சோதிக்கப்படும்.

இராமநாதபுரம் கடற்கரையில்

பாம்பன், இராமேசுவரம் போன்ற கடலோர ஊர்களில் நாள் முழுதும் வெயிலில் தொழில் செய்வோருக்குக் கண்ணில் 'சதை வளர்தல்' ஏற்படும் வாய்ப்பு மிகுதி. புறஊதாக் கதிர்களே அதற்கு முதன்மைக் காரணம். அச்சதை பொதுவாக மூக்குப் பக்கத்திலிருந்து முக்கோண வடிவில் கருவிழி நோக்கி வளரும். அமிலாய்டுத் தடிப்புக்கு அவ்வடிவம் இல்லை. இமையின் உள்மடிப்பிலும் அது காணப்படும். ஆயினும் ஒன்றை மற்றொன்றாகக் கருதிவிட வாய்ப்புண்டு. எனவே வழக்கத்திற்கு மாறான சதையை அகற்றினால், அதைத் திசு ஆய்வுக்கு அனுப்புதல் வேண்டும். இம்மாவட்டத்தில் அரசு மருத்துவக் கல்லூரி 2022இல் திறக்கப்பட்டது. தென்மாவட்டங்களின் பெரிய கண் மருத்துவ நிலையமான அரவிந்த் கண் மருத்துவமனையை, மருத்துவர் கோ. வெங்கடசாமி 1976இல் மதுரையில் நிறுவினார்.

சிகிச்சை

தொல்லை தராத சிறு படிவைக் கண்காணித்தல் போதுமானது. உறுத்தலுக்குச் செயற்கைக் கண்ணீர்த் துளிகள் உதவும். பார்வையை மறைக்கும் படிவு அறுவை மூலம் குறைக்கப்படும்; தொங்கும் இமை உயர்த்தப்படும். இரத்தக் குழாய்கள் எளிதில் உடைவதால் அறுவையின்போது கசிவு மிகலாம். முழுமையாக அகற்றுவது அரிது. படிவு மீண்டும் தோன்றக்கூடும். ஆகவே பல்லாண்டுத் தொடர் கண்காணிப்பு தேவை. உடல்தழுவிய நோய்க்குக் குருதியியல் வல்லுநரின் மருத்துவம் தேவைப்படும்.

இவற்றையும் பார்க்க

* புரத மடிப்பு
* திசு ஆய்வு